கண்மாய் மீன் யாருக்கு?

இன்னும் பொழுது சரியாக விடியவில்லை. கண்மாய்க் கரையில் ஜனங்கள் நெருக்கி அடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டி இருக்கிறார்கள். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகி இருக்கிறார்கள். பெரியவர்கள் கையில் ஊத்தா, கச்சா, தூரி. சிறுவர்கள் கையில் கொசு வலை. ஒன்றும் இல்லாதவர்கள் வீட்டில் கிடந்த பழைய சேலையைக் கொண்டு வந்துவிட்டார்கள்!

எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்தில் இருக்கிறது. கரையின் மேல் நிற்கும் ஊர்ப் பெரியவரின் கையில்!

அவர் கரையில் உள்ள அய்யனாரைக் கும்பிடுகிறார். பிறகு, தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டை எடுக்கிறார். தலைக்கு மேலே உயர்த்தி வீசுகிறார்.

அவ்வளவுதான்! "ஓ" என்று ஒரு சத்தம். நூற்றுக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் தண்ணீரில் இறங்குகிறார்கள். சேறு கலங்குகிறது. மீன் துள்ளுகிறது. ஜனங்களும் துள்ளுகிறார்கள்!

இதுதான் மீன்பிடித் திருவிழா. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல், திருச்சி மாவட்டங்களில் பல ஊர்களில் கோடைக்காலத்தில் இது நடக்கிறது. வட மாவட்டங்களில் ஏரி என்பதைத்தான் தெற்கே கண்மாய் என்கிறார்கள்.

முன்பு தண்டோரா போட்டு நாள் சொன்னார்கள். இப்போது கைப்பேசியில் செய்தி பறக்கிறது. பத்து மைல் தூரத்தில் இருந்தும் ஆள் வருகிறது.

விற்கக் கூடாது!

இந்தத் திருவிழாவுக்குச் சட்டப் புத்தகம் இல்லை. ஆனால் சட்டம் உண்டு!

குறித்த நாளுக்கு முன்னால் யாரும் இறங்கக் கூடாது. துண்டு வீசும் முன் கால் நனையக் கூடாது. பிடித்த மீனை விற்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்துச் சாப்பிட வேண்டும். அதிகமாகக் கிடைத்தால் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். மகளைக் கட்டிக் கொடுத்த ஊருக்கு ஒரு தூக்குவாளி போக வேண்டும்!

பல ஊர்களில் இதற்குக் கட்டணம் இல்லை. சில ஊர்களில் மட்டும் ஓர் ஊத்தாவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வாங்குகிறார்கள்.

ஊத்தா என்பது என்ன? மூங்கில் குச்சியால் பின்னிய கூடை. மேலே வாய் சிறியது. கீழே வாய் பெரியது. இரண்டு பக்கமும் திறந்திருக்கும். முழங்கால் அளவுத் தண்ணீரில் அதை "சொத்" என்று குத்தி வைப்பார்கள். உள்ளே மீன் மாட்டினால், ஊத்தாவில் மோதும். மேல் வாய் வழியாகக் கையை விட்டுப் பிடித்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத மீனைக் கையால் தேடிப் பிடிப்பது சாமானிய வேலை அல்ல!

ஒருவருக்கு விரால். ஒருவருக்குக் கெளுத்தி. ஒருவருக்குக் கெண்டை. ஒருவருக்கு ஜிலேபி. இன்னொருவருக்கு வெறும் சேறு! ஆனால் வெறுங்கையோடு வந்தவரைப் பார்த்து யாராவது இரண்டு மீனைக் கொடுக்காமல் இருப்பது இல்லை.

இப்படி ஊர் கூடி மீன் பிடித்தால், அடுத்த ஆண்டு மழை நன்றாகப் பெய்யும் என்பது ஜனங்களின் நம்பிக்கை.

ஏன் கோடையில்?

நம்பிக்கை ஒரு புறம் இருக்கட்டும். இதில் கணக்கும் இருக்கிறது.

மாசி, பங்குனி மாதங்களுக்குள் அறுவடை முடிந்துவிடும். பாசனத்துக்கு இனித் தண்ணீர் தேவை இல்லை. வெயில் ஏற ஏறக் கண்மாய் வற்றும். மீன் எல்லாம் பள்ளத்தில் வந்து சேரும். விட்டுவிட்டால் என்ன ஆகும்? பாதியைக் கொக்கும் நாரையும் தின்னும். மீதி வெந்நீரில் செத்து மிதக்கும்.

அப்படிச் சாகப் போகும் மீனைத்தான் ஊர் பிடிக்கிறது. தண்ணீர் நிறைந்து, மீன் முட்டையிடும் காலத்தில் யாரும் இறங்குவது இல்லை. அடுத்த மழையில் வாய்க்கால் வழியாகவும், மேலே உள்ள கண்மாய்களில் இருந்தும் புது மீன் வந்து சேரும்.

படிப்பறிவு இல்லாத காலத்துப் பாட்டன்கள் போட்ட கணக்கு இது. எவ்வளவு பொருத்தம், பாருங்கள்!

மீன்பாசி ஏலம்

ஆனால் எல்லாக் கண்மாய்களிலும் இந்தத் துண்டு வீசப்படுவது இல்லை. காரணம், ஏலம்.

தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் ஏரிகள் இருக்கின்றன. 100 ஏக்கரும் அதற்கு மேலும் பாயும் ஏரிகள், நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. சிறிய ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் உள்ளன. இவற்றில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவது உண்டு. அதற்கு "மீன்பாசி குத்தகை" என்று பெயர். பசலி ஆண்டுக் கணக்கில் குத்தகை ஓடும். அதாவது, ஜூலை 1-ந் தேதி தொடங்கி, அடுத்த ஜூன் 30-ந் தேதி முடியும்.

ஏலம் எடுத்தவருக்கு மீன் சொந்தம். மற்றவர்கள் தூண்டில் போட்டால்கூட அது திருட்டு!

குத்தகையில் இவ்வளவு பணம் புரளக் காரணமான ஒரு நாள் உண்டு. அது 1957-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி. அன்று ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரி, கே. எச். அலிகுன்ஹி என்ற இரு விஞ்ஞானிகள் ஓர் அதிசயம் செய்தார்கள். பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, கெண்டை இன மீனைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார்கள்!

கட்லா, ரோகு, மிர்கால் மீன்கள் ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும். தேங்கிய தண்ணீரில் இடாது. ஆகவே, அதற்கு முன்பு வெள்ளக் காலத்தில் ஆற்றில் குஞ்சு பிடித்து வந்துதான் வளர்த்தார்கள். இந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு, பண்ணைகளிலேயே குஞ்சு கிடைத்தது. ஏரிகளில் விட்டு வளர்த்தார்கள். ஏரி மீன் பெரிய வியாபாரம் ஆயிற்று. அந்த நாளைத்தான் நாடு முழுவதும் மீன் வளர்ப்போர் தினமாக இப்போது கொண்டாடுகிறார்கள்.

இரண்டு பக்க நியாயம்

குத்தகைதாரரை வில்லனாக்கிவிடக் கூடாது. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

அவர் ஏலத் தொகை கட்டுகிறார். குஞ்சு வாங்கி விடுகிறார். இரவில் காவல் போடுகிறார். பரிசல் வாங்குகிறார். வலை வாங்குகிறார். மழை பொய்த்தால் எல்லாம் நஷ்டம். கலுங்கு பாய்ந்தால் மீன் வெள்ளத்தோடு போய்விடும். அப்போதும் நஷ்டம்! வளர்ந்த மீனை ஊரார் வந்து அள்ளிக்கொண்டு போனால் அவர் என்ன செய்வார்?

ஏலப் பணம் பொதுப் பணம். அதைக் கொண்டு தெரு விளக்கு எரியலாம். பள்ளிக்கூடத்துக் கூரை மாற்றலாம். அதையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

ஊரார் பக்கம் என்ன நியாயம்?

கண்மாய் உடைந்தால் மண்மூட்டை சுமந்து ஓடுவது யார்? ஊரார். வரத்து வாய்க்காலில் முள் வெட்டுவது யார்? ஊரார். வறட்சியில் வயிறு காய்வது யார்? அவர்களேதான்! இப்படி எல்லாம் சுமக்கிறவன் வீட்டுப் பிள்ளை, ஆண்டு முழுவதும் கரையில் நின்று மீனை வேடிக்கை பார்க்க வேண்டுமா?

இன்னொரு தகராறும் உண்டு. தண்ணீர் குறைந்தால்தான் மீன் பிடிக்க வசதி. ஆகவே, மடையைச் சீக்கிரம் திறந்துவிட்டால் குத்தகைதாரருக்கு லாபம். தண்ணீர் நின்றால்தான் கதிர் முற்றும். கிணறு ஊறும். மாடு குடிக்கும். ஆகவே, மடை மூடி இருந்தால்தான் விவசாயிக்கு லாபம். ஒரே மடை. இரண்டு ஆசை! இதனால் பல ஊர்களில் சண்டை வந்திருக்கிறது.

இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. கண்மாய் வெட்டியது பயிருக்காக. மீன் அதில் கிடைத்த உபரி. மீனுக்காகத் தண்ணீரை வீணாக்குவது, பாலுக்காக மாட்டை அறுப்பது போன்ற வேலை!

1,100 ஆண்டுகளுக்கு முன்

மீனுக்கு ஏலத் தொகை வாங்குவது புதிது அல்ல. பழைய கல்வெட்டுகளில் "பாசிப்பாட்டம்" என்று ஒரு வரி வருகிறது. அது ஏரி மீனுக்கு வாங்கிய வரி. அந்தப் பணத்தை ஏரியைத் தூர் வாரவே செலவு செய்த ஊர்கள் உண்டு. மீன் கொடுத்த காசு, மீண்டும் மீன் வாழும் தண்ணீருக்கே போயிற்று!

காஞ்சீபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. அங்கே முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை கி.பி. 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் எடுத்த விவரம் அதில் இருக்கிறது. அவற்றில் ஒன்று ஏரி வாரியம். அதற்கு 6 பேர்.

ஏரிக்கு என்றே ஒரு வாரியம்! கணக்குச் சரியாகக் காட்டாதவர் மறுபடியும் பதவிக்கு வர முடியாது. இன்றைக்கு எத்தனை ஊர்களில், இந்த ஆண்டு மீன்பாசி ஏலம் எவ்வளவுக்குப் போயிற்று, அந்தப் பணம் எங்கே போயிற்று என்று சாதாரண ஜனங்களுக்குத் தெரியும்?

கடல் போன்ற ஏரி

ஏரி மீன் யாருக்கு என்ற கேள்வி தமிழ்நாட்டில் மட்டும் எழவில்லை. கம்போடியா நாட்டில் ஒரு ராஜாங்கமே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது.

அங்கே தொன்லே சாப் என்று ஓர் ஏரி இருக்கிறது. நல்ல தண்ணீர் ஏரி. கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பு. மழைக்காலத்தில் மேக்கொங் ஆற்று வெள்ளம் எதிர்த்துப் பாய்ந்து வந்து நிரப்பும். அப்போது பல மடங்கு பெருகிவிடும். ஜனங்கள் படகிலேயே வீடு கட்டி, படகிலேயே கடை வைத்து வாழ்கிறார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்திலேயே அந்த ஏரியைப் பங்கு பங்காகப் பிரித்து ஏலம் விட்டார்கள். மீன் நிறைந்த இடங்கள் எல்லாம் பணக்காரர்கள் கைக்குப் போயின. வேலி போட்டார்கள். துப்பாக்கியோடு காவல் நிறுத்தினார்கள். ஏரியில் பிறந்து, ஏரியில் வளர்ந்த ஏழை, தன் படகை ஓட்டிக்கொண்டு அந்த வேலிக்குள் நுழைய முடியவில்லை!

2000-ம் ஆண்டில் இந்தக் குத்தகைப் பரப்பில் பாதிக்கு மேல் ஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2012-ம் ஆண்டில் அப்போதைய பிரதம மந்திரி ஹுன் சென், ஏரியில் மிச்சம் இருந்த 35 குத்தகைகளையும் அடியோடு ஒழித்தார். ஒரு பகுதியை மீன் பெருகுவதற்கு ஒதுக்கினார்கள். மற்ற இடம் குடும்பங்களுக்கு என்றார்கள். ஏழைகள் மகிழ்ந்தார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? எல்லா இடத்திலும் நல்லபடியாக நடக்கவில்லை. வேலி போயிற்று. ஆனால் காவலும் போயிற்று! திருட்டு வலையும், மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிப்பதும் ஓயவில்லை. மேக்கொங் ஆற்றில் மேலே கட்டிய அணைகளாலும் தண்ணீர் வரத்து கெட்டது. மீன் குறைகிறது என்று அந்த ஜனங்கள் கவலைப்படுகிறார்கள்.

இதில் இருந்து தெரிவது என்ன? கதவைப் பூட்டுவதும் தவறு. கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கப் போவதும் தவறு!

அமெரிக்காவில் எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் இருந்தார். காடு, பாசன வாய்க்கால், மீன்பிடி இடங்கள் போன்ற பொதுச் சொத்துகளை ஜனங்கள் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று ஆயுள் முழுவதும் ஆராய்ந்தார். "பொதுச் சொத்து நாசமாகத்தான் போகும்" என்று பலர் சொல்லி வந்தார்கள். அப்படி அல்ல என்று அவர் காட்டினார். பயன்படுத்துகிறவர்களே கூடி விதி வகுத்து, அவர்களே காவல் காத்தால், பொதுச் சொத்து பல தலைமுறைக்கு நிலைக்கும் என்றார். 2009-ம் ஆண்டில் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

அவர் சொன்னது தமிழ்நாட்டுக் கிராமத்துக்குப் புதிது அல்ல. நாள் குறிப்பது, துண்டு வீசுவது, விற்கக் கூடாது என்பது எல்லாம் ஊரே வகுத்த விதிதான்!

என்ன செய்யலாம்?

ஏலம் இருக்கட்டும். ஆனால் ஏலச் சீட்டிலேயே சில நிபந்தனைகள் எழுதப்பட வேண்டும்.

முதலாவது: குத்தகைக் காலம் முடிவதற்கு முன், கடைசி நாள் ஒன்று ஊருக்கு. குத்தகைதாரர் தம் மீனைப் பிடித்து முடித்த பிறகு, மிச்சம் உள்ளது ஜனங்களுக்கு. இது முன்கூட்டியே தெரிந்தால், அதற்குத் தக்கபடிதான் அவர் ஏலம் கேட்பார். அவருக்கும் நஷ்டம் இல்லை. சண்டையும் இல்லை.

இரண்டாவது: மடைச் சாவி விவசாயிகள் கையில். மீனுக்காக மடை திறக்கக் கூடாது.

மூன்றாவது: ஏலப் பணத்தில் ஒரு பங்கு அந்தக் கண்மாய்க்கே செலவாக வேண்டும். கரைக்கு மண். வாய்க்காலுக்கு மராமத்து. கணக்கைக் கிராம சபையில் எல்லோரும் கேட்கும்படி படிக்க வேண்டும்.

நான்காவது: விஷம் கூடாது. வெடி கூடாது. இவை இரண்டையும் 1897-ம் ஆண்டு மீன்பிடிச் சட்டமே தடை செய்திருக்கிறது. மின்சாரக் கம்பியும் கூடாது. அது மீனை மட்டும் கொல்லாது. ஆளையும் கொல்லும்! ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் விடக் கூடாது. அது நம் ஊர் மீன்களை எல்லாம் தின்று தீர்த்துவிடும். அதை வளர்க்க மத்திய அரசாங்கம் 2000-ம் ஆண்டிலேயே தடை போட்டுவிட்டது.

ஐந்தாவது: கரையில் ஒருவர்கூட ஒதுங்கி நிற்கக் கூடாது. "இங்கே ஜாதி மதம் பார்ப்பது இல்லை" என்று ஊர்கள் பெருமையாகச் சொல்கின்றன. அந்தப் பெருமை உண்மையாக இருக்க வேண்டும். ஒரு தெரு இறங்கி, இன்னொரு தெரு கரையில் நின்றால், அதற்குத் திருவிழா என்று பேர் சொல்ல முடியாது.

குழந்தைகள், ஜாக்கிரதை!

ஒரு விஷயத்தைத் தாய்மார்கள் மறக்கக் கூடாது.

வற்றிய கண்மாய் பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் மண் அள்ளிய குழிகள் உள்ளே இருக்கும். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே இருப்பவர், அடுத்த அடியில் தலைக்கு மேல் தண்ணீரில் போய்விடுவார். சேற்றில் கால் சிக்கினால், நீச்சல் தெரிந்தவரும் தடுமாறுவார்.

ஆகவே, முதல் நாளே குழிகளைச் சுற்றி மூங்கில் நட்டு, சிவப்புத் துணி கட்ட வேண்டும். சிறுவர்களைக் கரை ஓரத்தில், பெரியவர் கை எட்டும் தூரத்தில் நிறுத்த வேண்டும். நீச்சல் தெரிந்த இளைஞர்கள் சிலர் மீன் பிடிக்காமல் காவல் இருக்க வேண்டும். குத்தகைதாரரின் பரிசல் அன்று மீன் பிடிக்க வேண்டாம். ஊருக்குக் காவலாக மிதக்கட்டும்!

பிள்ளைகளின் கண்மாய்

கடைசியாக ஒன்று. மீன் குழம்பு ஒரு நாளில் தீர்ந்துவிடும். ஆனால் அன்று சேற்றில் விழுந்து எழுந்த பையன், அந்தக் கண்மாயை மறக்க மாட்டான். எங்கே பள்ளம், எங்கே மேடு, எங்கே மடை, எங்கே கலுங்கு என்று அவனுக்குத் தெரியும். அது அவனுடைய கண்மாய்!

நாளைக்கு யாராவது கரையை வெட்டினால், அவன் கேட்பான். வாய்க்காலை மறித்து வீடு கட்டினால், அவன் கேட்பான். சாக்கடையைக் கொண்டுவந்து விட்டால், அவன் கேட்பான். ஒரு நாளும் தண்ணீரில் இறங்கவிடாத பையன் ஏன் கேட்கப் போகிறான்? அவனுக்கு அது யாரோ ஒருவரின் குத்தகைத் தண்ணீர்!

பல ஏரிகள் மண்மேடாகி, மனைக்கட்டாகிப் போனதற்கு மழை மட்டும் காரணம் அல்ல. கேட்க ஆள் இல்லாததும் காரணம்.

ஆண்டில் 364 நாள் ஏலத்துக்கு இருக்கட்டும். ஒரே ஒரு நாள் ஊருக்கு இருக்கட்டும். அந்த ஒரு நாள் மீன் போவதால் யாரும் ஏழையாகிவிட மாட்டார்கள். அந்த ஒரு நாள் இல்லாமல் போனால், கண்மாய் அநாதையாகிவிடும்!